சக்கர வேக சென்சார்: ஜிபிஎஸ் வேகத்துக்குப் பொருத்துவதா, சக்கரங்களை ஒன்றோடொன்று பொருத்துவதா?

முன்சக்கரம்:
அனைவருக்கும் வணக்கம். என்னுடைய முன்சக்கர இயக்க ஹேட்ச்பேக்கில் கம்பெனி ஈசியூவை (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) எடுத்துவிட்டு, வெளிச்சந்தையில் கிடைக்கும் தனி ஈசியூ ஒன்றைப் பொருத்தியிருக்கிறேன். இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் ஓட்டுவதற்காக மட்டுமே வைத்திருக்கும் வண்டி இது. ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) சென்சார்கள் அளக்கும் சக்கர வேகத்தை ஈசியூவுக்குள் கொண்டுவந்து ட்ராக்‌ஷன் கண்ட்ரோலை (இயக்கும் சக்கரங்கள் அளவுக்கு மேல் வழுக்கினால் எஞ்சின் சக்தியைக் குறைக்கும் வசதி) இயக்குவதே நோக்கம். சக்கரத்தோடு சுழலும் பல்வளையத்தில் 43 பற்கள்; ஒவ்வொரு பல்லும் சென்சாரைக் கடக்கும்போது ஒரு துடிப்பு. நான்கு டயர்களும் 185/60 ஆர்15. ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை துடிப்புகள் என்று ஈசியூ கேட்கிறது. டயர் விட்டம் 603 மி.மீ. என்பதிலிருந்து சுற்றளவைக் கணக்கிட்டு, நான்கு சக்கரங்களுக்கும் 22,700 என்று கொடுத்தேன். ஜிபிஎஸ் 97 காட்டும்போது ஈசியூ 100 காட்டுகிறது. அதைவிடக் குழப்பமானது, நேர்ப்பாதையில் சீராகப் போகும்போதே முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட 2 சதவீதம் வேகமாகச் சுழல்வதாக லாக் (ஈசியூவின் பதிவு) காட்டுவதுதான். எதை முதலில் திருத்துவது?

அளவுகோல்:
முதல் சிக்கலுக்குக் காரணம் உங்கள் சுற்றளவுதான். வண்டியின் எடை ஏறிய டயர் முழு வட்டமாக உருள்வதில்லை. ரேடியல் டயருக்கு விட்டத்தை 3.14 ஆல் பெருக்காமல் ஏறத்தாழ 3.05 ஆல் பெருக்கினால் உருளும் சுற்றளவு கிடைக்கும். உங்கள் டயருக்கு அது 1.839 மீட்டர், அதன்படி கிலோமீட்டருக்கு 23,380 துடிப்புகள் வரும். நீங்கள் பார்க்கும் 3 சதவீத வித்தியாசம் முழுவதும் அதிலேயே அடங்கிவிடுகிறது. ஆனாலும் கணக்கோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். திறந்த வானத்தின் கீழ், நீளமான நேர்ப்பாதையில், ஒரே வேகத்தில் ஓட்டி, நான்கு சக்கரங்களையும் தனித்தனியாக ஜிபிஎஸ் வேகத்துக்குப் பொருத்துங்கள். டேஷ்போர்டு முள்ளை மட்டும் நம்பவேண்டாம்; ஐ.நா. வாகன விதி 39இன்படி அது உண்மை வேகத்துக்குக் குறைவாகக் காட்டக்கூடாது, கூடுதலாகக் காட்டலாம் என்பதால், கம்பெனிகள் அதை ஏற்றியே வைக்கின்றன.

பட்டறைவாசி:
சுற்றளவு பற்றி நண்பர் அளவுகோல் சொன்னதை ஏற்கிறேன். நான்கு சக்கரங்களையும் தனித்தனியாக ஜிபிஎஸ்ஸுக்குப் பொருத்தச் சொல்வதை ஏற்கமாட்டேன். ட்ராக்‌ஷன் கண்ட்ரோல் பார்ப்பது இயக்கும் சக்கரத்துக்கும் இயக்கப்படாத சக்கரத்துக்கும் உள்ள விகிதத்தை மட்டுமே. நான்கும் சேர்ந்து 3 சதவீதம் கூடுதலாகக் காட்டினால் அந்த விகிதம் துளியும் மாறாது. ஆனால் முன்சக்கரம் மட்டும் 2 சதவீதம் பிசகியிருந்தால், நீங்கள் வைக்கப்போகும் 10 சதவீத வழுக்கல் இலக்கில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போகிறது.

இன்னொன்று. ஒரே வேகத்தில் ஓட்டுகிறோம் என்றாலும், காற்றுத் தடையை எதிர்த்து வண்டியைத் தள்ளுவது முன்சக்கரங்கள்தான். அவற்றில் சிறிது வழுக்கல் எப்போதும் இருக்கும். அந்த நிலையில் ஜிபிஎஸ்ஸுக்குப் பொருத்தினால், உண்மையான வழுக்கலையும் சேர்த்து அளவுத்திருத்தத்துக்குள் புதைத்துவிடுவீர்கள். 80 கி.மீ. வேகத்தில் க்ளட்சை முழுவதும் மிதித்து, பிரேக்கைத் தொடாமல் வண்டியைத் தானாக உருளவிட்டு, அந்த நேரத்து லாக்கை எடுத்துப் பாருங்கள். உங்கள் 2 சதவீதம் அப்போதும் நின்றால் அது டயர் அளவு அல்லது பற்களின் விவகாரம். மறைந்தால் அது உண்மையான வழுக்கல்.

அளவுகோல்:
க்ளட்ச் மிதித்து உருளவிடுவது நல்ல யோசனை. அதே நேரத்தில் ஜிபிஎஸ்ஸையும் பதிவுசெய்ய என்ன தடை? விகிதம் மட்டும் போதும் என்ற வாதத்தில் ஓர் ஆபத்து இருக்கிறது. முன்னும் பின்னும் பல் எண்ணிக்கை வேறுபடும் வண்டிகள் உண்டு. பின்சக்கரத்தை அப்படியே உண்மை என்று எடுத்துக்கொண்டு முன்சக்கரத்தை அதற்கு இழுத்தால், தவறான பல் எண்ணிக்கை ஒன்று யாருக்கும் தெரியாமல் உள்ளேயே தங்கிவிடும். கியரைக் கண்டறிவது, பிட் லேன் (ட்ராக்கில் வண்டிகள் பழுதுபார்க்க ஒதுங்கும் பாதை) வேக வரம்பு, வேகத்தை அச்சாகக் கொண்ட அட்டவணைகள் எல்லாமே அந்தத் தவறான எண்ணின்மேல்தான் நிற்கும்.

பட்டறைவாசி:
பல் எண்ணிக்கை தவறினால் விளைவு ஒன்றிரண்டு சதவீதமாக இராது. 43க்குப் பதில் 48 என்று கொடுத்தால் 11 சதவீதத்துக்கும் மேல் பிசகும். அதைக் கண்டுபிடிக்க ஜிபிஎஸ் தேவையில்லை. அட்டவணைகளில் ஒரு கட்டத்துக்கும் அடுத்ததற்கும் 10, 20 கி.மீ. இடைவெளி வைக்கிறோம், அதில் 3 கி.மீ. என்ன செய்துவிடும்? பிட் லேன் வரம்பை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அதிலும் கூடுதலாகக் காட்டும் ஈசியூவால் நீங்கள் மெதுவாகத்தான் போவீர்கள், அபராதம் வராது.

மின்சுற்று:
இருவரும் எண்ணைத் திருத்துவதிலேயே நிற்கிறீர்கள். உள்ளே வரும் சிக்னல் சுத்தமாக இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. சென்சார் எந்த வகை என்று முதலில் பார்க்க வேண்டும். பழைய காந்தச் சுருள் வகையாக இருந்தால், மெதுவாகப் போகும்போது மின்னழுத்தம் மிகவும் குறைந்து, துடிப்புகள் விட்டுப்போகும். புதிய இரட்டைக் கம்பி வகையாக இருந்தால், அது மின்னழுத்தத்தை மாற்றுவதில்லை; 7 மில்லி ஆம்பியருக்கும் 14 மில்லி ஆம்பியருக்கும் இடையே மின்னோட்டத்தை மாற்றுகிறது. அந்தக் கம்பியிலிருந்து நேராக ஒரு கிளை இழுத்து ஈசியூவில் சொருகினால், ஈசியூவுக்கும் சரியாகப் புரியாது, ஏபிஎஸ் விளக்கும் எரியத் தொடங்கும். பிரேக் சம்பந்தப்பட்ட இடத்தில் இப்படி விளையாடக் கூடாது.

லாக்கையும் சுருக்கிப் பார்க்காமல் விரித்துப் பாருங்கள். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் ஓர் ஊசிமுனை எழுந்தால், துருவேறி வளையத்தில் விரிசல் விட்டிருக்கிறது என்று பொருள். மெல்லிய அலையாக ஏறி இறங்கினால் வளையம் மையம் விலகிச் சுழல்கிறது. இவற்றை எந்தப் பெருக்கெண்ணாலும் சரிசெய்ய முடியாது. விரிசல் விட்ட வளையத்தை மாற்றத்தான் வேண்டும். அலையை மட்டும் ஒரு முழுச் சுற்றுக்குச் சராசரி எடுத்து ஓரளவு அடக்கலாம்.

பட்டறைவாசி:
மிகச் சரி. அதனால்தான் நான் கம்பியைத் தொடாமல், ஏபிஎஸ் யூனிட் கேன் (வண்டியின் கணினிகள் தமக்குள் தகவல் பரிமாறும் இணைப்பு) வழியாக அனுப்பும் வேகத்தையே எடுத்துக்கொள்ளச் சொல்வேன்.

அளவுகோல்:
கேன் வழியாக வரும் செய்தி தாமதமாகாதா? ட்ராக்‌ஷன் கண்ட்ரோலுக்கு மில்லிசெகண்டுகள் முக்கியமல்லவா?

மின்சுற்று:
ஏபிஎஸ் யூனிட்கள் பொதுவாக 10 முதல் 20 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை சக்கர வேகத்தை அனுப்புகின்றன. 43 பல் உள்ள இந்த வளையம் 5 கி.மீ. வேகத்தில் 30 மில்லிசெகண்டுக்கு ஒரு துடிப்புதான் தரும். ஆகவே வண்டி கிளம்பும் தருணத்தில் நேரடிக் கம்பியால் பெரிய ஆதாயம் இல்லை. 100 கி.மீ. வேகத்தில் ஒன்றரை மில்லிசெகண்டுக்கு ஒரு துடிப்பு வரும் என்பதால் அங்கே நேரடிக் கம்பி முந்தும். ஆனால் இந்த அளவுக்குச் சக்தி உள்ள முன்சக்கர வண்டி அந்த வேகத்தில் உலர்ந்த சாலையில் எவ்வளவு வழுக்கிவிடப் போகிறது? கேனில் வரும் எண் கம்பெனி டயரின் சுற்றளவை வைத்துக் கணக்கிடப்பட்டது என்பதை மட்டும் மறக்காதீர்கள். டயர் அளவை மாற்றினால் பெருக்கெண்ணும் மாற வேண்டும்.

முன்சக்கரம்:
க்ளட்ச் மிதித்து உருளவிட்டுப் பார்த்தேன். 2 சதவீதம் 1.6 ஆகக் குறைந்தது, மறையவில்லை. பிறகு முன் டயர்களைப் பின்னுக்கும் பின் டயர்களை முன்னுக்கும் மாற்றி மீண்டும் உருளவிட்டேன். இப்போது பின்சக்கரங்கள்தான் வேகமாகச் சுழல்கின்றன. லாக்கில் ஊசிமுனை எதுவும் இல்லை.

பட்டறைவாசி:
அப்படியானால் சென்சாரும் வளையமும் நல்ல நிலையில் உள்ளன. தேய்ந்த டயர்தான் காரணம். புது டயரின் 8 மி.மீ. பள்ளம் 1.6 மி.மீ. ஆகத் தேயும்போது விட்டம் 12.8 மி.மீ. குறைகிறது; உங்கள் டயரில் அது 2 சதவீதம். முன்சக்கர வண்டியில் முன் டயர் முந்தித் தேய்வது எல்லோருக்கும் தெரிந்ததே. காற்றழுத்தத்தைச் சந்தேகிக்க வேண்டாம். ஸ்டீல் பெல்ட் உள்ள ரேடியலில் அது சுற்றளவை மிகச் சிறிதளவே மாற்றும்.

அளவுகோல்:
இதிலிருந்து எனக்குத் தெரிவது வேறு. டயர் தேயத் தேய உங்கள் விகிதமும் நகர்ந்துகொண்டே இருக்கும். ஜிபிஎஸ் என்ற மாறாத அளவு ஒன்று கையில் இருந்தால், தேய்ந்தது முன்னா பின்னா என்பதை டயரைக் கழற்றி மாற்றாமலேயே சொல்லியிருக்கலாம்.

பட்டறைவாசி:
அதை மறுக்கவில்லை. ஆனால் ட்ராக்கில் உங்களைத் தொல்லை செய்யப்போவது அதுவல்ல. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் ஓடுகின்றன. பின் அச்சு 10 மீட்டர் ஆரத்தில் திரும்பும்போது, இரண்டரை மீட்டர் வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம்) உள்ள வண்டியின் முன் அச்சு 10.3 மீட்டர் ஆரத்தில் போகிறது. வழுக்கலே இல்லாமல் 3 சதவீத வழுக்கல் லாக்கில் தோன்றும். எவ்வளவு நுணுக்கமாக ஜிபிஎஸ்ஸுக்குப் பொருத்தினாலும் இது போகாது. ஸ்டியரிங் கோண சென்சாரைக் கேன் வழியாக எடுத்து, கோணம் கூடக்கூட வழுக்கல் இலக்கை உயர்த்துங்கள். அது கிடைக்காவிட்டால் 40 கி.மீ. வேகத்துக்குக் கீழே இலக்கைத் தாராளமாக வையுங்கள்.

முன்சக்கரம்:
ஸ்டியரிங் கோணம் கேனில் வருகிறது. தேய்ந்த இரண்டு டயர்களையும் மாற்றிவிட்டு, க்ளட்ச் மிதித்து எடுத்த லாக்கை இங்கேயே பதிவிடுகிறேன். ஜிபிஎஸ் வேகத்தையும் அதே கோப்பில் சேர்த்துவிடுகிறேன்.