அரிப்பு, எரிச்சல்: மெடிக்கல் ஷாப் மருந்தே போதுமா?

கேள்வி: தயிர்த் திப்பி மாதிரி வெள்ளைப்படுதல், அரிப்பு. சிறுநீர் போனாலும் எரிகிறது. க்ளோட்ரிமசோல் மாத்திரையும் சிட்ரேட் சிரப்பும் போதுமா?

பதில் 1: மாத்திரை பூஞ்சைக்கு மட்டும்தான். 100 மி.கி. என்றால் இரவு படுக்கும்போது பெண்ணுறுப்பின் உள்ளே வைத்து 6 நாள். அரிப்பு நின்றாலும் பாதியில் விடாதீர்கள். மீன் வாடை வந்தால் பெரும்பாலும் பாக்டீரியா, அதற்கு இந்த மாத்திரை கேட்காது. கர்ப்பமோ, முதல் தடவையோ என்றால் டாக்டரிடமே போங்கள்.

பதில் 2: சிரப் எரிச்சலைத் தணிக்கும், கிருமியைக் கொல்லாது. முதலில் வருவதை விட்டு நடுச் சிறுநீரைக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்) கொடுத்த பிறகே ஆன்டிபயாடிக். ஆன்டிபயாடிக் போட்டபின் கொடுத்தால் கிருமி வளராமல் ரிசல்ட் ஏமாற்றும். நைட்ரோஃபியூரன்டாயின் என்ற ஆன்டிபயாடிக்கை டாக்டர் எழுதினால் சிரப் வேண்டாம். சிரப்பால் சிறுநீர் காரத்தன்மை அடைந்தால் அந்த ஆன்டிபயாடிக்கின் வீரியம் குறையும்.

பதில் 3: குளிர்காய்ச்சல், விலா வலி இருந்தால் இன்றே போங்கள். அடிக்கடி வந்தால் சுகரும் பாருங்கள்.