பாடசாலைத் தோட்டத்தில் உருளைக்கிழங்கு: உங்கள் பக்கத்து அனுபவத்தைச் சொல்லுங்கள்

வெலிமடையிலிருந்து:
நோய் பெரும்பாலும் விதையோடுதான் வந்து சேர்கிறது. சந்தையில் வாங்கிய கறிக்கிழங்கை நடவே வேண்டாம். வெளியே நோய்க்குறி எதுவும் தெரியாது, உள்ளே வாடல் கிருமி இருக்கும். விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு அத்தாட்சிப்படுத்திய விதைக்கிழங்கே எடுங்கள். ஒன்று 40–60 கிராம் இருந்தால் போதும். வெட்டி நடாதீர்கள், கத்தி வழியே ஒன்றின் நோய் எல்லாவற்றுக்கும் போகும், ஈரமண்ணில் வெட்டுவாயும் அழுகும்.

நல்ல பச்சையாக நிற்கும் செடி பகலில் திடீரென்று துவண்டால், தண்டை அடியில் வெட்டித் தெளிந்த தண்ணீர் கிளாசில் தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் வெள்ளை நூல்போல் கசிந்து இறங்கினால் அது பக்டீரியா வாடல். செடியைக் கிழங்கோடும் சுற்று மண்ணோடும் பையில் கட்டி அகற்றுங்கள். பசளைக் குழியில் போட்டால் அடுத்த போகத்தில் முழுப் பாத்திக்கும் பரவும். பிறகு அந்த இடத்தில் தக்காளி, கத்தரி, கறிமிளகாய் வேண்டாம், எல்லாம் ஒரே குடும்பம். லீக்ஸ், கரட், போஞ்சி போடலாம்.

நுவரெலியாவிலிருந்து:
இங்கே விடுமுறையையும் உறைபனியையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். ஜனவரியில் முளைத்து நிற்கும் இலையை ஒரே இரவு கருக்கிவிடும். பெப்ரவரி நடுவில் நட்டால் மார்ச் தொடக்கத்தில் முளை வெளியே வரும், ஏப்ரல் விடுமுறைக்கு முன்பே இரண்டாம் மண் அணைப்பும் (செடியடியில் மண் கூட்டிக் கிழங்கை மூடுவது) முடியும், கிழங்கு மே கடைசியில். கிரனோலா வகைக்கு 90–100 நாள்.

இன்னொன்று: வெளித் தோட்டத்து மம்பட்டியைக் கழுவாமல் உள்ளே விடாதீர்கள். வேரில் குண்டூசித்தலை அளவில் பொன்னிற மணிகள் கண்டால் அது வேரைத் தாக்கும் வட்டப்புழு (நெமற்றோடு). ஒட்டிய மண்ணோடுதான் அது ஊர் மாறுகிறது.

பண்டாரவளையிலிருந்து:
3 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலப் பாத்திக்கு 60 செ.மீ. இடைவெளியில் இரண்டு வரிசை, செடிக்குச் செடி 25 செ.மீ. ஆக 24 கிழங்கு, ஒன்றேகால் கிலோ விதை. பாத்தியைச் சுற்றிக் கான் வெட்டியே ஆக வேண்டும், நீர் தேங்கினால் கிழங்கு மூச்சுத் திணறி அழுகும். பச்சைச் சாணியைப் போடாமல் மக்கியதைப் போடுங்கள்.

செடி ஒரு சாண் வளர்ந்ததும் முதல் மண் அணைப்பு, இரண்டு மூன்று வாரம் கழித்து அடுத்தது. வெளிச்சம் பட்டுப் பச்சையான கிழங்கைப் பிள்ளைகளின் சாப்பாட்டுக்குக் கொடுக்கக் கூடாது.

ஹப்புத்தளையிலிருந்து:
மூடுபனி விடாமல் நிற்கும் வாரத்தில் தினமும் இலையின் அடிப்புறத்தைப் புரட்டிப் பாருங்கள். கரும்புள்ளியின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் அது கருகல் நோய், அந்த இலைகளை அன்றே கிள்ளி எடுங்கள். தண்ணீரைக் காலையில் அடியில்தான் ஊற்ற வேண்டும். கருகல் தண்டுக்கு இறங்கிவிட்டால் மண்ணுக்கு மேலுள்ள செடியை வெட்டி வெளியேற்றி, தோல் முற்ற இரண்டு வாரம் விட்டுத் தோண்டுங்கள். பெருவிரலால் தேய்த்தால் தோல் உரியக் கூடாது.