‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’: குடும்பம் வராத அத்தியாயங்களை விட்டுவிட்டுப் படிக்கலாமா?

கேள்வி – புதுவாசகர்

அனைவருக்கும் வணக்கம். ஜான் ஸ்டைன்பெக்கின் இந்த நாவலை (1939) இப்போதுதான் படிக்கிறேன். பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் ஒக்லஹோமாவில் பிழைப்பை இழந்த ஜோட் குடும்பம், பழைய ஹட்சன் காரை வெட்டி லாரியாக்கி, 66-ஆம் நெடுஞ்சாலை வழியே கலிஃபோர்னியாவுக்குப் புறப்படும் கதை என்னைக் கட்டிப்போட்டுவிட்டது. ஆனால் மொத்தமுள்ள 30 அத்தியாயங்களில் 16-இல் அந்தக் குடும்பமே வருவதில்லை. 3-ஆம் அத்தியாயத்தில் ஓர் ஆமை சாலையைக் கடக்கிறது, அவ்வளவுதான். இவற்றை விட்டுவிட்டுப் படித்தால் இழப்பு ஏதும் உண்டா?

மறுமொழி – ஏரிக்கரை

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். 5-ஆம் அத்தியாயத்தில், வீட்டை இடிக்க வரும் டிராக்டர் ஓட்டுநர் அதே ஊர்க்காரரின் மகன். நாளுக்கு மூன்று டாலர் கூலிக்காக வந்தவன். அவனைச் சுடுவதா, வங்கித் தலைவரைச் சுடுவதா என்று குத்தகைக்காரர் கேட்கக் கேட்க, ஒவ்வொருவருக்கும் மேலே இன்னொருவர் இருப்பதாகப் பதில் வந்துகொண்டே இருக்கிறது. யாரை எதிர்ப்பது என்றே தெரியாத அந்த நிலையை ஒரு குடும்பத்தின் கதையாக மட்டும் சொல்லியிருந்தால், அது ஜோட்களின் கெட்ட நேரமாகச் சுருங்கியிருக்கும். அடுத்த அத்தியாயத்தில் சிதைந்த வீட்டின் முன் ஜோட் குடும்பத்து மகன் டாம் வந்து நிற்கும்போது, அத்தகைய வேலைக்கு என்ன கூலி என்பதுவரை நமக்குத் தெரிந்திருக்கிறது.

மறுமொழி – பழைய பக்கங்கள்

ஏரிக்கரை ஐயா சொல்வதை ஓரளவே ஏற்கிறேன். ஆரஞ்சுப் பழங்களின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றப்படும் 25-ஆம் அத்தியாயத்தில், எழுத்தாளர் மேடையேறிவிடுகிறார் என்பதே என் எண்ணம். இடம்பெயர்ந்த தொழிலாளர்களைப் பற்றி 1936-இலேயே நாளிதழில் தொடர் கட்டுரைகள் எழுதியவர் என்பதால் அந்தச் சினத்தின் ஊற்று புரிகிறது. கதை சென்றடையும் பகுதியான கெர்ன் கவுண்டியிலேயே, நூல் வெளிவந்த ஆண்டில் பள்ளிகளிலும் நூலகங்களிலும் அதைத் தடைசெய்ததும் புரிகிறது. ஆயினும் என்னை உலுக்கியது வேறோர் இடம். பாலைவனத்தைக் கடக்கும் இரவில் பாட்டி இறந்துவிட, லாரி நின்றுவிடக் கூடாதே என்று அம்மா அந்த உடலின் அருகிலேயே படுத்தபடி வருகிறாள். சோதனைச் சாவடியில் கிழவிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிச் சமாளிக்கிறாள். எந்த விளக்கமும் இன்றி அது நிற்கிறது.

மறுமொழி – ஏரிக்கரை

மறுக்கவில்லை. ஆனால் குடும்பக் கதைக்கும் விளக்கத்துக்கும் இடையிலான கோடு அவ்வளவு கறாரானதன்று. 16-ஆம் அத்தியாயம் குடும்பக் கதைதான். அங்கே கலிஃபோர்னியாவிலிருந்து திரும்பும் ஒருவர், 800 பேர் தேவைப்படும் முதலாளி 5,000 துண்டறிக்கை அச்சிடுவது ஏன் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறார். பசித்தவர்கள் கூடக்கூடக் கூலி இறங்கும். அவருடைய இரண்டு குழந்தைகளும் பட்டினியால் இறந்தபோது, சான்றில் எழுதப்பட்ட காரணம் இதயச் செயலிழப்பு.

மறுமொழி – புதுவாசகர்

இருவருக்கும் நன்றி. 3-ஆம் அத்தியாயத்தை நேற்றிரவு மீண்டும் படித்தேன். ஒரு பெண் காரைத் திருப்பி ஆமையைக் காப்பாற்றுகிறாள்; லாரிக்காரன் வேண்டுமென்றே அதன்மேல் ஏற்றப் பார்க்கிறான்; அடிபட்டு உருண்டும் அது தன் வழியே போகிறது, ஓட்டில் சிக்கியிருந்த காட்டு ஓட்ஸ் விதைகள் உதிர, அவற்றின்மேல் மண்ணை இழுத்துவிட்டபடி. அடுத்த அத்தியாயத்தில் டாம் கோட்டில் சுற்றி எடுத்துச் செல்வதும் ஓர் ஆமையைத்தான். முதல் வாசிப்பில் அதைக் கவனிக்கவே இல்லை.