ஆசிட் மேல பிளீச்சிங் பவுடர் போட்டுட்டேன், இருமல் நிக்கலை

பாலக்கோடு செல்வி:
எங்க போர் தண்ணி ரொம்ப உப்பு. பாத்ரூம் டைல்ஸ் முழுக்க வெள்ளைப் படை. நேத்து ஆசிட் ஊத்தித் தேய்ச்சேன். போகலைன்னு அது மேலயே பிளீச்சிங் பவுடரைத் தூவினேன். புஸ்ஸுன்னு நுரைச்சு ஒரே நெடி. தொண்டை அடைச்சு, கண்ணு எரிஞ்சு வெளிய ஓடி வந்துட்டேன். இன்னைக்கும் இருமல். கைவைத்தியம் ஏதாவது இருக்கா?

கிருஷ்ணகிரி வாத்தியார்:
அம்மா, கைவைத்தியம் வேண்டாம். இன்னைக்கே டாக்டரைப் பாருங்க. மூச்சு வாங்கினா உடனே 108. வந்தது குளோரின் வாயு. பல மணி நேரம் கழிச்சும் நுரையீரல்ல நீர் கோக்கலாம். கடையில விக்கிற ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம். பிளீச்சிங் பவுடர்ல பட்டதும் குளோரினைக் கிளப்பிவிடும். அது காத்தை விட ரெண்டரை மடங்கு கனம், தரையோடயே தங்கும். குத்தவெச்சுத் தேய்க்கிறவங்க மூக்கு அங்கதானே இருக்கு! 30 வருஷம் வேதியியல் நடத்தினவன், கெஞ்சிக் கேட்டுக்கறேன், இந்த ரெண்டையும் சேர்க்காதீங்க.

ஊத்தங்கரை அண்ணன்:
சிங்க் அடைப்புக்குப் போடுற காஸ்டிக் சோடாவும் லேசுப்பட்டதில்ல தங்கச்சி. தண்ணி பட்டதும் கொதிக்கும். எனக்கு ஒரு சொட்டு கண்ணோரம் தெறிச்சுது. 20 நிமிஷம் குழாயடியில கண்ணைத் திறந்து வெச்சுக் கழுவிட்டுத்தான் ஆஸ்பத்திரி போனேன். பார்வை தப்பிச்சுது.

பாலக்கோடு செல்வி:
டாக்டரைப் பார்த்துட்டேன். நெபுலைசர் வெச்சாங்க, இப்ப பரவாயில்லை. மிச்ச ஆசிட் பழைய தண்ணி பாட்டில்லதான் இருக்கு, என்ன செய்ய?

கிருஷ்ணகிரி வாத்தியார்:
பிள்ளைங்க தண்ணின்னு குடிச்சிடும்மா! இப்பவே எட்டாத இடத்துல வெச்சுப் பூட்டுங்க.