உரை விளையாட்டு: கட்டளையை எங்கிருந்து வாங்குவது?

பனைமரம்:
பைத்தானில் குகை விளையாட்டு ஒன்று எழுதுகிறேன். "வடக்கே போ", "விளக்கை எடு" மாதிரி கட்டளைகள். சண்டை, கடை, சேமிப்பு என்று எல்லா ஃபங்ஷனிலும் ஆடுபவர் தட்டும் வரியை வாங்கும் இன்புட்()-ஐ நேரடியாகப் போட்டிருக்கிறேன். இனி ஆள் இல்லாமல் நிரலே ஆடிச் சோதிக்க வேண்டும். மாற்றி எழுதவா?

கட்டெறும்பு:
வேண்டவே வேண்டாம். கட்டளைகளை ஒரு ஃபைலில் வரிக்கு ஒன்றாக எழுதி, கீபோர்டுக்குப் பதிலாக பைப் வழியாக விளையாட்டுக்குள் விடுங்கள். கீபோர்டா ஃபைலா என்பது இன்புட்()-க்கு ஒன்றுதான். ஆடுபவர் போகும் வழியிலேயே சோதனையும் போகும். ஃபைல் தீர்ந்ததும், படிக்க இனி எதுவும் இல்லை என்று ஈஓஎஃப் எரர் வரும், அதைப் பிடித்து வெளியேறினால் போதும்.

தூண்டில்:
இதை ஏற்க மாட்டேன். ஃபைலில் "சேமி", அடுத்து "வடக்கே போ" என்று இருக்கிறது. பழைய சேமிப்பு ஏதாவது கிடந்தால் விளையாட்டு "அழிக்கவா?" என்று கேட்கும். "வடக்கே போ" அந்தக் கேள்விக்குப் பதிலாகப் போய்விடும்! அப்புறம் வரும் கட்டளை எல்லாம் வேறு அறையில் விழும், பிழையோ எங்கோ தள்ளித்தான் தலைகாட்டும். கட்டளை தரும் வேலையைத் தனி ஃபங்ஷனாக்கி வெளியிலிருந்து கொடுங்கள். கேட்பது கட்டளையா, ஆம்/இல்லையா என்பதும் அதற்குத் தெரியட்டும். மனிதர் ஆடினால் கீபோர்டு, சோதனைக்குக் கட்டளைகளின் லிஸ்ட்.

கட்டெறும்பு:
சோதனைக்கு முன் பழைய சேமிப்பை அழிப்பது அடிப்படை ஒழுங்கு. உங்கள் முறையில் கீபோர்டைப் படிக்கும் பகுதி சோதிக்கப்படாமலே கிடக்கும். வெறும் என்டர் தட்டினால், உள்ளீடு முடிந்தது என்று கன்ட்ரோல்-டி அழுத்தினால் என்ன ஆகும் என்று லிஸ்ட் சொல்லுமா?

தூண்டில்:
அந்தப் பகுதி நாலைந்து வரிதான், அதற்கு உங்கள் ஃபைலையே வைத்துக்கொள்ளலாம், சரி. ஆனால் இந்தப் பிரிவினை புதிதல்ல. ஸார்க் என்ற பழைய உரை விளையாட்டை வீட்டுக் கணினிகளுக்குக் கொண்டுவர இன்ஃபோகாம் நிறுவனம் உருவாக்கிய இசட்-மெஷின் என்ற மெய்நிகர் கணினியில், கட்டளை வரும் இடத்தைக் கீபோர்டிலிருந்து ஃபைலுக்கு மாற்றவே தனி ஆணை உண்டு.

கட்டெறும்பு:
அதுவும் ஃபைலை வரிவரியாகத்தான் படிக்கிறது, கேள்வி வேறு கட்டளை வேறு என்று பார்ப்பதில்லை. அதே இசட்-மெஷினில் தற்செயல் எண் தரும் ரேண்டம் ஆணைக்கு நெகட்டிவ் எண் கொடுத்தால், அதன்பின் ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில் எண்கள் வரும். சண்டையில் ரேண்டம் இருந்தால், அந்த வரிசையைத் தீர்மானிக்கும் தொடக்க எண்ணான சீடை நிலையாக வைக்காத வரை என் ஃபைலும் உதவாது, உங்கள் லிஸ்ட்டும் உதவாது.

பனைமரம்:
சண்டையில் ரேண்டம் இருக்கிறது. நேற்று ஜெயித்த வேதாளத்திடம் இன்று அதே கட்டளைகளில் சாகிறேன்.

தூண்டில்:
அப்படியானால் சீடுதான் முதல் வேலை, அதில் கட்டெறும்பு சொல்வது சரி. ஆனால் நீங்கள் கேட்டது நிரலே ஆட வேண்டும் என்று. உயிர் குறைந்தால் ஓடு, கையில் மருந்து இருந்தால் குடி என்று முன்பே எழுதிவைத்த ஃபைலால் முடிவெடுக்க முடியாது. சண்டை ஃபங்ஷனில் இருக்கும் இன்புட்()-ஐ மட்டும் முதலில் வெளியே எடுங்கள். கடையையும் சேமிப்பையும் அப்புறம் பார்க்கலாம்.