எம்87 ஜெட்டின் வேகம் ஒளியைப் போல 6 மடங்கு வருகிறது, கணக்கில் எங்கே பிழை?

கேள்வி:
வணக்கம். கல்லூரி செமினாருக்காக எம்87 கேலக்ஸியின் ஜெட் (நடுவிலுள்ள கருந்துளைப் பக்கமிருந்து பீச்சியடிக்கும் துகள் தாரை) பற்றித் தயார் செய்கிறேன். 1994 முதல் 1998 வரை ஹப்பிள் எடுத்த படங்களில், ஜெட்டில் எச்எஸ்டி-1 என்னும் இடத்தில் உள்ள வேகமான ஒளித்திட்டுகள் வருடத்துக்குச் சுமார் 0.023 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில் 3,600-இல் ஒரு பங்குதான் ஆர்க்செகண்ட்) நகர்கின்றன. தூரம் 5.4 கோடி ஒளி ஆண்டு என்று வைத்தேன். அவ்வளவு தூரத்தில் ஒரு ஆர்க்செகண்ட் என்பது 262 ஒளி ஆண்டு. பெருக்கினால் வருடத்துக்கு 6 ஒளி ஆண்டு வருகிறது! அலகு மாற்றங்களைத் திரும்பச் சரிபார்த்துவிட்டேன். தூரத்தைப் பாதியாகக் குறைத்தாலும் 3 மடங்குக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. எதை விட்டுவிட்டேன்?

பதில் 1:
பிரபஞ்சம் விரிவதால் இருக்கும். வெளி விரியும்போது ஒளிவேகத்தைத் தாண்டுவதற்குத் தடை இல்லையே.

பதில் 2:
இங்கே அது பொருந்தாது. எம்87 நமக்குப் பக்கத்து வீடு மாதிரி. அது விலகும் வேகம் நொடிக்குச் சுமார் 1,300 கிலோமீட்டர்தான், ஒளிவேகத்தில் அரை சதவீதம்கூட இல்லை. அதுவும் நம் பார்வைக் கோட்டில் நடப்பது. கேட்டவர் அளந்தது வானத்தில் பக்கவாட்டு நகர்வு.

கேட்டவரின் கணக்கில் பிழை இல்லை. ஹப்பிள் குழுவே 6 மடங்கு என்றுதான் வெளியிட்டது. விடுபட்டது, ஜெட் கிட்டத்தட்ட நம்மை நோக்கிச் சாய்ந்திருக்கிறது என்பது.

ஒளியின் வேகத்தில் 0.99 பங்கு வேகம், நம் பார்வைக் கோட்டுக்கு 15 டிகிரி சாய்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். திட்டு 100 வருடம் ஓடட்டும். மொத்தம் 99 ஒளி ஆண்டு போயிருக்கும். அதில் நம் பக்கமாக நெருங்கியது 95.6, பக்கவாட்டில் போனது 25.6. இப்போது ஒளியைக் கவனியுங்கள். புறப்பட்டபோது வந்த ஒளி 100 வருடம் முந்திக் கிளம்பியது. கடைசியில் வந்த ஒளி கடக்க வேண்டிய தூரம் அதைவிட 95.6 ஒளி ஆண்டு குறைவு. ஆகவே இரண்டும் நம்மிடம் வந்து சேர்வதில் இடைவெளி 4.4 வருடம்தான். 25.6-ஐ 4.4 வருடத்தில் கடந்ததாக நமக்குத் தெரியும். வகுத்துப் பாருங்கள், 5.8 வரும்.

வானியற்பியலாளர் மார்ட்டின் ரீஸ் 1966-இலேயே இப்படித் தோன்றும் என்று எழுதிவிட்டார். 3சி 279 என்ற குவாசரில் (வெகு தொலைவில் உள்ள, மிகப் பிரகாசமான கேலக்ஸி மையம்) ரேடியோ தொலைநோக்கிகள் இதைக் கண்டது 1971-இல். செமினாரில் இந்த வரிசையைச் சொல்லுங்கள், நன்றாக எடுபடும்.

கேட்டவர்:
மிக்க நன்றி சார்! எக்செல்லில் போட்டுப் பார்த்தேன். அதே வேகத்தில் 40 டிகிரி என்றால் 2.6, 90 டிகிரி என்றால் 0.99. அப்புறம் இன்னொரு சந்தேகம். கருந்துளையின் இரு பக்கமும் ஜெட் கிளம்பும் என்கிறார்கள். படத்தில் ஒன்றுதானே இருக்கிறது?

பதில் 2:
அதற்கும் இந்தச் சாய்வுதான் காரணம். இவ்வளவு வேகத்தில் ஓடும் பொருள் தன் ஒளியை ஓடும் திசையிலேயே குவிக்கும். மேலே சொன்ன எண்களை வைத்தால் நம்மை நோக்கி வரும் ஜெட், எதிர்ப் பக்க ஜெட்டைவிட பல ஆயிரம் மடங்கு பிரகாசமாகத் தெரியும். 1918-இல் லிக் வான் ஆய்வகத்தின் வானியலாளர் ஹீபர் கர்டிஸ் எம்87-இல் நேரான ஒரு கீற்றைக் குறித்தபோதும் ஒன்றைத்தான் பார்த்தார். ஆனால் ரேடியோ படத்தில் எதிர்ப் பக்கமும் ஒரு பெரிய மேகம் உப்பிக் கிடக்கிறது. அங்கே ஆற்றல் போய்ச் சேராமல் அது வராது.

பதில் 3:
குறுக்கே ஒரு சந்தேகம். நகர்வது பொருள்தானா? ஜெட்டுக்குள் ஓடும் அதிர்வலையாக இருந்தால், டார்ச் வெளிச்சம் சுவரில் ஓடுவது போல வெறும் தோற்றம்தானே?

பதில் 2:
நியாயமான கேள்வி. முழுப் பதில் சந்திரா எக்ஸ்-கதிர் தொலைநோக்கியிடமிருந்து வந்தது. 2012-க்கும் 2017-க்கும் இடையே எச்எஸ்டி-1-இல் ஒரு திட்டு ஒளியின் 6.3 மடங்கு வேகத்தில் நகர்ந்ததாகத் தெரிந்தது. அதே காலத்தில் அதன் எக்ஸ்-கதிர்ப் பிரகாசம் 70 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. காந்தப்புலத்தில் சுழலும் எலெக்ட்ரான்கள் ஆற்றல் இழந்தால் இப்படித்தான் மங்கும். எனவே அங்கே ஓடுவது துகள்கள் என்பதே என் கணிப்பும்.

கேட்டவர்:
கடைசியாக ஒன்று. 15 டிகிரி, 0.99 இரண்டையும் நேரடியாக அளக்க முடியாதே. கேள்வி கேட்டால் என்ன சொல்வது?

பதில் 2:
அந்த எண்கள் நான் எடுத்துக்காட்டுக்கு வைத்தவை. அளந்த 6 மடங்கிலிருந்து உறுதியாகச் சொல்ல முடிந்தவை இரண்டு எல்லைகள்: உண்மை வேகம் ஒளிவேகத்தில் 0.986-க்குக் குறையாது, சாய்வு 19 டிகிரியைத் தாண்டாது. உங்கள் எக்செல்லில் 20 டிகிரியை வைத்துவிட்டு வேகத்தை மட்டும் ஏற்றிக்கொண்டே போங்கள். எவ்வளவு ஏற்றினாலும் 6 வராது.