ரயில் சத்தத்துக்கு அழும் மகள்

கேள்வி: காட்பாடி ஜங்ஷன் பக்கம் குடியிருக்கிறோம். ஹாரன் கேட்டாலே நாலு வயது மகள் காதைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். "ஒண்ணுமில்ல கண்ணு" என்றால் அழுகை கூடுகிறது. என்ன பேசுவது?

பதில்: அந்த "ஒண்ணுமில்ல"யை விட்டுவிடுங்கள் அக்கா. அவளுக்கு அது நிஜம். "சத்தம் பெருசா வந்துச்சு, பயந்துட்டியா?" என்று கேட்டுவிட்டு, அவள் பேசும் வரை காத்திருங்கள். என் மகனோடு வேலூர்க் கோட்டை அகழி ஓரம் உட்காருவேன். நீர்க்காகம் சிறகை விரித்து நின்றது. "இறக்கை நனைஞ்சிடுச்சு, காயவைக்குது" என்றேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "அதுக்குக் குளிருதாம்மா?" என்றான். அப்புறம்தான் பள்ளியில் தனியாக உட்கார்ந்ததைச் சொன்னான்.

பதில்: மொட்டைமாடியிலிருந்து பெட்டிகளை எண்ணச் சொல்லுங்கள். தூரத்திலிருந்து தொடங்குங்கள்.

கேட்டவர்: நேற்று கேட்டேன். "வயித்துக்குள்ள அதிருதும்மா" என்றாள். மடியில் வைத்துக்கொண்டேன்.